விற்பவரும் வாங்குபவரும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டியவை

சென்னையை அடுத்த முடிச்சூரில் அப்பா கட்டிய வீட்டை விற்பதென்று அம்மாவும் அக்காவும் நானும் முடிவெடுத்தபோது, தரகர் வைத்த முதல் நிபந்தனை, வாங்க வரும் பார்ட்டியிடம் நாங்கள் நேரடியாகப் பேசக் கூடாது என்பதுதான். நேரில் பேசினால் வியாபாரம் கெட்டுவிடும் என்றார். விலையைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு. பிறந்து வளர்ந்த வீட்டின் சமையலறையைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் "இதை இடித்துத்தான் கட்ட வேண்டும்" என்று சொன்னால் மனம் சுருங்கத்தான் செய்யும். அந்த மனநிலையில் பேரம் பேசுவதைவிட நடுவில் ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் ஒரு வீட்டைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமையைத் தரகரிடம் ஒப்படைத்துவிட முடியாது என்பதை இந்த விற்பனையின்போது நான் உறுதியாக உணர்ந்தேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளை வரிசைப்படுத்துகிறது. சொத்திலோ அதில் விற்பவருக்கு உள்ள உரிமையிலோ இருக்கும் முக்கியமான குறை ஒன்று, விற்பவருக்குத் தெரிந்ததாகவும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்குமானால், கேட்காமலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்ல வேண்டும். கடமை ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது: விற்பவருக்குச் சொத்தில் இருக்கும் உரிமையின் தன்மை அல்லது அளவு பற்றி, அவர் அறியாததும் அந்த உரிமையின் மதிப்பைக் கணிசமாகக் கூட்டுவதுமான ஒரு செய்தி வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால், அவரும் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். குறையைச் சொல்லாமல் விடுவதையும், வாங்குபவர் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவதையும் அதே பிரிவு மோசடி என்றே குறிப்பிடுகிறது.

எங்கள் வீட்டை வாங்க வந்தவர்கள் அரசுப் பணியில் இருந்த ஒரு தம்பதியர். நேரில் சந்திக்காமல் முன்பணம் தரமாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாகச் சொன்னதால்தான் அந்தச் சந்திப்பே நடந்தது. சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை மேசைமீது வைத்துவிட்டு அந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தார்களா?" என்பது. இருந்தார். அப்பா உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படி இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகளோடு தாய்க்கும் சமபங்கு உண்டு. எனவே நான்கில் ஒரு பங்கு பாட்டிக்குப் போயிருந்தது. பாட்டியும் உயில் இல்லாமல் காலமானதால், அந்தப் பங்கில் பாதி, அதாவது வீட்டின் எட்டில் ஒரு பங்கு, அப்பாவுடன் பிறந்த அத்தைக்கு உரியதாகிவிட்டது. இதைத் தரகரிடம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம். அவரோ, பாட்டிதான் இறந்துவிட்டாரே என்று எண்ணி, "வாரிசுகள் மூன்று பேர், மூவரும் கையெழுத்துப் போடுவார்கள்" என்று மட்டும் வாங்குபவர்களிடம் தெரிவித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. எது முக்கியம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பாட்டியின் பங்கு பற்றிப் பத்திரம் எதுவும் பதிவாகாததால் வில்லங்கச் சான்றிதழிலும் அது வராது. அத்தை விற்பவர்களில் ஒருவராகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட மனமுவந்து ஒத்துக்கொண்டார். அவருக்குரிய தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே போனது.

அடுத்த கேள்வி வெள்ளத்தைப் பற்றியது. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியது ஊரறிந்த செய்தி. ஆனால் தெருவுக்குத் தெரு, ஏன் வீட்டுக்கு வீடு, தண்ணீர் ஏறிய அளவு வேறு. வெள்ளத்தைப் பற்றி நாங்களாக வாயைத் திறக்க வேண்டாம் என்று தரகர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தார். அது 55ஆம் பிரிவு சொல்லும் குறைக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடலாம். என்னைப் பொறுத்தவரை, அந்த வீட்டில் குழந்தையோடு குடியிருக்கப் போகிறவர் அதை அறிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். அதற்குமேல் இதில் வாதத்துக்கு இடமில்லை. கூடத்தில் முழங்கால் அளவு நின்றதையும், தண்ணீர் முதலில் கழிவறை வழியாகத்தான் மேலே வந்தது என்பதையும், அதன்பின் சம்ப்பின், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், வாயை உயர்த்திக் கட்டியதையும் அம்மா காட்டிக்காட்டிச் சொன்னார். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள், கொடுத்தோம்.

வாங்குபவர் தரப்பிலும் மறைக்கக் கூடாதவை உண்டு. வங்கிக் கடனை நம்பி வாங்குகிறாரா, தன் பழைய வீட்டை விற்றுத்தான் பணம் புரட்ட வேண்டுமா என்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் கிரயத்துக்கு முன் போடும் அக்ரிமென்ட்டில் எத்தனை மாதம் கெடு வைப்பது என்று நியாயமாக முடிவு செய்ய முடியும். வரி விஷயமும் அப்படியே. கிரயத் தொகை 50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் விதியும் வேறு, விகிதமும் மிக அதிகம். அக்கா சிங்கப்பூரில் வசிப்பதை முதல் சந்திப்பிலேயே சொன்னதால், அவருடைய பங்குக்கான பிடித்தத்தை ஆடிட்டர் மூலம் தனியாகக் கணக்கிட அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது.

பத்திரத்தில் என்ன விலை காட்டுவது என்ற பேச்சும் நேருக்கு நேர் முடிய வேண்டியது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் வாங்குபவர் தலையில் விழுவதால், பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எங்கோ ஓரிடத்தில் எழும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2015 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். எங்களால் முடியாது என்று நாங்களே சொன்னோம். அவர்களுக்கும் அதுதான் விருப்பமாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேரடிப் பேச்சைத் தரகர்கள் அஞ்சுவது கமிஷன் கைநழுவும் என்பதற்காக. அந்த அச்சம் நியாயமானது. வெயிலில் அலைந்து ஆளைக் கூட்டி வந்தவரை ஒதுக்கிவிட்டு இருவரும் தனியே முடித்துக்கொள்வது நம் ஊரில் நடக்காததல்ல. சந்திப்புக்கு முன்பே அவருக்குரிய சதவீதத்தையும், அது எப்போது கொடுக்கப்படும் என்பதையும் இரு தரப்பும் எழுதிக் கொடுத்துவிட்டால் அவரும் நிம்மதியாக உடன் உட்காருவார். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பேசியவை பேச்சோடு நின்றுவிடக் கூடாது. அன்று கேட்கப்பட்ட கேள்விகளையும் நாங்கள் சொன்ன பதில்களையும் அந்த அம்மையார் ஒரு தாளில் எழுதியிருந்தார். அவற்றுள் அத்தையின் பங்கு, கிரய நாள்வரை சொத்து வரியும் மின் கட்டணமும் எங்கள் பொறுப்பு என்பது, போர்வெல் மோட்டாரும் இரண்டு மின்விசிறிகளும் வீட்டோடு சேர்ந்தவை என்பது ஆகியவை அக்ரிமென்ட்டில் தனித்தனி வரிகளாக ஏறின. தமிழ்நாட்டில் கிரய அக்ரிமென்ட்டையும் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்த வரிகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் எல்லோருடைய கையெழுத்தோடும் பதிவாகியிருக்கின்றன.