கொமண்டோர்: சடைபோட்ட காவல்காரன்

ஹங்கேரியின் புல்வெளிகளில் ஆட்டுக்கிடை காத்த நாய் கொமண்டோர். 13ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய குமானியர் என்ற நாடோடி மக்களோடு வந்த இனம் என்பதே பரவலான கருத்து. ஆண் நாய் குறைந்தது 70 செ.மீ. உயரம்; எடை 50 முதல் 60 கிலோ. ஆடுகளை ஓட்டி மேய்ப்பது இதன் வேலையல்ல. பட்டியோடு கிடந்து, ஓநாய் வந்தால் யாரையும் கேட்காமல் பாயும். சொன்னதும் கேட்கும் சுபாவத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

அழகும் சடைதான், தொல்லையும் சடைதான். முரட்டு மேல்முடியும் மென்மையான உள்முடியும் பின்னி, ஏறத்தாழ 8 மாத வயதிலிருந்து சடையாகத் திரளத் தொடங்கும். அப்போதே தோல்வரை கையால் பிரித்துவிட வேண்டும். விட்டால் பாய்போல இறுகி, அடியில் காற்றே போகாது. சடை பிடித்தபின் சீப்பு ஆகாது.

குளிப்பாட்டினால் காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சென்னையின் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்கி நாற்றமும் பூஞ்சையும் வரும். ஷாம்பு மிச்சமிருந்தால் அரிப்பும் சேரும். துண்டால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, சூடில்லாத காற்றில் அடிவரை உலர்த்துங்கள். உண்ணி சடையின் வேரில்தான் ஒளியும். காது, கக்கம், விரலிடுக்கைத் தினமும் தடவிப் பாருங்கள். வெயில் தாங்க முடியாத நாய்க்குச் சடையைக் குட்டையாகக் கத்தரித்துவிடலாம். அடுக்குமாடி வீட்டுக்கு இந்த நாய் வேண்டவே வேண்டாம்.