ஒயின் குறைகள், வைவா: சூடு வேறு, ஒளி வேறு

முடிவு வந்துவிட்டது, பானச் சேவைத் தாளில் தேறிவிட்டேன். என்னைக் கரையேற்றியது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வுதான். ஒயினை வாயிலேயே வைக்காத அண்ணனுக்கு எப்படி இவ்வளவு மதிப்பெண் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். திராட்சை வகை, பிரதேசம், பரிமாறும் வெப்பநிலை எல்லாம் நோட்டில் இருக்கின்றன, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தது ஒளிக்குறை, அதாவது ஒளி பட்டு ஒயின் கெடுவது என்ற ஒரே தலைப்பு.

எது கெட்டாலும் வெயில் சூட்டைத் திட்டியே வளர்ந்தவர்கள் வேலூர்க்காரர்கள். வெள்ளை ஒயினை ஏன் ஜன்னலோரம் வைக்கக்கூடாது என்று வெளித்தேர்வாளர் கேட்டதும், எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் "சூடாகிவிடும் சார்" என்றார்கள். அது பாதி விடைதான். சூடு பட்ட ஒயினில் வெந்த பழ வாடை வரும்; ஒளி பட்டதில் வேகவைத்த முட்டைகோஸ் நாற்றம் வரும். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் சில்லென்று இருந்தாலும், விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒயின் கெடும். இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காரணத்தைச் சங்கிலியாகச் சொல்லுங்கள். ஒயினில் ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 இருக்கிறது. 370, 440 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை அது உறிஞ்சிக் கிளர்ச்சியடைந்து, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அது உடைந்து மெத்தேன்தயாலும் டைமெத்தில் டைசல்ஃபைடும் உண்டாகின்றன. நாற்றம் இந்தக் கந்தகச் சேர்மங்களுடையது.

குடிக்காதவர்கள் பாலில் பழகலாம். பாலிலும் இதே ரிபோஃப்ளேவின், இதே மெத்தியோனின். காய்ச்சி ஆறிய பாலை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒன்றை அலுமினியத் தாளால் முழுக்க மூடுங்கள். இரண்டையும் ஐஸ் தண்ணீரில் நிறுத்தி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். ஐஸை விட்டுவிட்டால் சத்துவாச்சாரி வெயிலில் பால் திரிந்து பாடமே மாறிவிடும். பிறகு மோந்து பாருங்கள். வீட்டில் ஒயின் என்ற சொல்லையே எடுக்க முடியாத என் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வகம் கிடையாது.

வைவாவுக்குக் கைவசம் இருக்க வேண்டியவை:

- நிறமற்ற புட்டி மோசம், பச்சை ஓரளவு தடுக்கும், பழுப்பு நன்றாகத் தடுக்கும்.
- வெள்ளை, ரோஸே, ஷாம்பெயின் எளிதில் கெடும். சிவப்பைப் பெரும்பாலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் காப்பாற்றும்.
- ஷாம்பெயின்களில் கிறிஸ்டால் என்ற ரகத்துக்கு நிறமற்ற புட்டி. அதனால்தான் மஞ்சள் தாள் சுற்றி விற்கிறார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.
- பீர் கதை வேறு. அங்கே உடைவது, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள். ஸ்கங்க் நாற்றம் என்று நோட்டில் இருக்கும். அந்த விலங்கை நம் ஊரில் யார் மோந்தது?
- கார்க் குறை ஈர அட்டை வாடை. அதற்கும் ஒளிக்கும் தொடர்பில்லை.

ஒரு கசப்பும் உண்டு. எங்கள் செய்முறை வகுப்பின் வெள்ளை ஒயின், நிறமற்ற புட்டியில், ஜன்னலை ஒட்டிய காட்சி அலமாரியில் டியூப்லைட்டுக்கு அடியில் வருடக்கணக்காக நின்றது. அதைத் திறந்துதான் "இதுவே ஒயின் மணம்" என்று கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் கல்லூரியிலும் அப்படியென்றால், சுவை பார்க்கும் பகுதிக்குப் படிக்க அந்தப் புட்டியை நம்பாதீர்கள்.