எம்.பி. சீனிவாசனின் சிக்கனம்

இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்தைச் சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். தாயை இழந்த கழுதைக்குட்டியை வளர்க்கப்போய், தன் அக்கிரகாரத்தாரின் ஏளனத்துக்கு ஆளாகும் பேராசிரியராக அதில் வருபவர், அந்தப் படத்தின் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனேதான். நடிகருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் அவரையே நிறுத்திவிட்டார்களோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வேடத்தில் வேறு முகத்தை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பணமில்லாத படங்களோடுதான் அவருடைய வாழ்க்கை ஓடியது. நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960) ஓடாத படம். ஆனால் அதில் இவர் இசையில் ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாடல் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்பின் அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது மலையாளம். 1961-இல் 'கால்பாடுகள்' படத்துக்காக ஜேசுதாஸை முதன்முதலில் திரையில் பாடவைத்தவர் இவர். மத்திய அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடனாகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தையும் சேர்த்து மொத்தமே இரண்டரை லட்சம் ரூபாயில் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'சுயம்வரம்' (1972) படத்துக்கும் இசை இவருடையதே.

அடூரின் 'எலிப்பத்தாயம்' (1981) படத்தில், பாழடையும் தறவாட்டின் (கேரளத்துப் பரம்பரைக் குடும்ப வீட்டின்) பொருள்களைக் காமிரா ஒவ்வொன்றாகக் காட்டும் தொடக்கத்தில் ஒலிக்கும் இசை என்னை இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு படம் நெடுநேரம் வெறும் சத்தங்களோடு நகர்கிறது. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் இது கைவரும்; கையில் காசிருந்தால் எந்த இசையமைப்பாளருக்கும் இந்த இடங்களை நிரப்பத்தான் தோன்றும்.

இதில் ஒரு முரண் உண்டு. வாத்தியக் கலைஞர்களுக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்கவேண்டும் என்று திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவரும் இவரே. பொதுவுடைமைவாதியான அவர், வாசிப்பவரின் கூலியில் கைவைக்க மனமில்லாமல், வாசிக்கவேண்டிய இடங்களைக் குறைத்துக்கொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம்தான். மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவில் அவர் பல குரல்களை ஒன்றாகப் பாடவைத்ததிலும் இதே மனத்தைத்தான் காண்கிறேன்.

1988-இல் லட்சத்தீவில் அவர் காலமானார். பாடல்கள் எளிதில் கிடைக்கின்றன. பின்னணி இசை தனியாக எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. 'எலிப்பத்தாயம்' தொடக்க இசையைக் கணினியில் ஓடவிட்டு, பக்கத்தில் வைத்த கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அதில் எங்கள் வீட்டு மின்விசிறியின் சத்தமும் சேர்ந்துவிட்டது.