ஹம்ப்ரி என்றொரு ஹெலிகாப்டர்

பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிக்கொண்ட ஃபாக்லாந்து போர் என்றாலே எனக்கு பிரிட்டனின் ஆன்ட்ரிம் போர்க்கப்பலில் இருந்த பழைய வெசெக்ஸ் ஹெலிகாப்டர்தான் நினைவுக்கு வரும். செல்லப்பெயர் ஹம்ப்ரி.

1982 ஏப்ரல் 22. தெற்கு அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவின் ஃபார்ச்சுனா பனியாற்றில் சிக்கிய வீரர்களை மீட்கப் போன இரண்டு ஹெலிகாப்டர்கள் பனிப்புயலில் விழுந்து நொறுங்கின. மிச்சமிருந்த ஹம்ப்ரி, தாங்கக்கூடிய பாரத்தையும் மீறி அத்தனை பேரையும் சுமந்து வந்தது. எவ்வளவு துணிச்சல்!

அப்புறம் ஏப்ரல் 25. நீர்மட்டத்தில் போய்க்கொண்டிருந்த அர்ஜென்டினாவின் சாண்டா ஃபே நீர்மூழ்கியை ரேடாரில் பிடித்து, ஒட்டியே ஆழ்வெடிகுண்டுகளைப் போட்டது. அந்தச் சேதத்தோடு நீர்மூழ்கியால் நீருக்கடியில் போக முடியவில்லை. லிங்க்ஸ், வாஸ்ப் ஹெலிகாப்டர்களும் வந்து தாக்க, நீர்மூழ்கி கரைக்கே திரும்பியது. ஹம்ப்ரியின் விமானி இயன் ஸ்டான்லிக்கு டிஎஸ்ஓ என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது, முழுத் தகுதி.

இங்கிலாந்து போகிறவர்கள் யோவில்டன் அருங்காட்சியகத்தில் ஹம்ப்ரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.