பச்சைத் துண்டு 1, அரைஞாண் கயிறு 1

சேலத்தில் யாரோ தொட்டிலில் போட்டுவிட்டுப் போன குழந்தை நான் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். 1992-ல் அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அந்த மாவட்டத்தில்தான். நான் பிறந்தது 1995-ல். அதனால் எனக்கும் சந்தேகம் வந்ததில்லை. தொட்டில் குழந்தை என்றால் பெற்றவரின் பெயரே எங்கும் இருக்காது, தேடுவதற்கு ஒன்றுமில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா காலமான பிறகு, என்னைத் தத்தெடுத்தபோது பெற்ற நீதிமன்ற உத்தரவின் நகல் பீரோவில் கிடைத்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘சரண்டர்டு’ என்று ஒரு சொல். அப்படியென்றால் என்னை யாரும் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒருவர் நேரில் வந்து, கையொப்பமிட்டு ஒப்படைத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். இன்னொருவரின் தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிட்டார்கள். அன்று கோபப்பட்டேன், அவர்கள் செய்தது சரிதான் என்று இப்போது புரிகிறது. இதற்கென்று தனி வழியே இருக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் அதற்கு வேர்த்தேடல் என்ற பொருளில்தான் பெயர். 18 வயது நிறைந்தவர் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (CARA) இணையதளத்தில் தாமாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதினர் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இதில் உதவாது. அதில் வளர்த்தவர்களின் பெயர்தான் பெற்றோராக இருக்கும்.

விண்ணப்பம் எங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வந்தது. என்னைத் தத்துக் கொடுத்த குழந்தைகள் இல்லம் எப்போதோ மூடப்பட்டிருந்தது. ‘இந்தப் பெயரில் கோப்பு இல்லை’ என்று பதில் வந்தபோது உடைந்துபோனேன். தேடுகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் கோப்பு உங்கள் பெயரில் இருக்காது. இல்லத்தில் வைத்த பெயரில் இருக்கும். எனக்கு அங்கே வேறு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் மனு எண்ணும் நீதிமன்ற உத்தரவில் இருந்தன. இரண்டையும் எழுதிக் கொடுத்த மூன்றாம் வாரம் கோப்பு கிடைத்துவிட்டது.

சமூகப் பணியாளர் மேடம், பெற்றவரின் பெயரையும் முகவரியையும் வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு எனக்குக் காட்டினார். ஒப்படைப்புப் பத்திரத்தின் அடியில் ஒரு கைநாட்டு. மை ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில், ‘கணவர் இறந்துவிட்டார், ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள்’. அதற்குக் கீழே, குழந்தையுடன் வந்த பொருட்கள்: பச்சைத் துண்டு 1, கறுப்பு அரைஞாண் கயிறு 1.

பெற்றவர் தம் பெயரை வெளியிடக் கூடாது என்று அன்றே கேட்டிருந்தார். அப்படிக் கேட்டிருந்தால் அவருடைய சம்மதம் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது. அவர் மறுத்தாலும், ஆளே கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார் என்பதை மட்டும் நமக்குச் சொல்வார்கள். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்த எட்டு மாதத்தில் எத்தனையோ யோசனைகள் சொன்னார்கள். ஆள் வைத்துத் தேடச் சொன்னவர்கள் உண்டு, படத்தை முகநூலில் போடச் சொன்னவர்களும் உண்டு. மூன்றாம் நபர் மூலம் தேடுவதை விதி அனுமதிப்பதில்லை. விதி இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டேன். 28 வருடம் ஊருக்குத் தெரியாமல் ஒன்றைச் சுமந்த ஒரு பெண்ணின் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் என் படத்தோடு போய் நிற்பதை நினைத்தாலே நடுக்கமாக இருந்தது. மேடமும் வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல இரண்டு முறை அந்த ஊருக்குப் போய், மூன்றாம் முறைதான் தனியாகப் பேசினாராம்.

பதில் வந்தது: ஒரு முறை பார்க்கலாம், அலுவலகத்தில் மட்டும்.

மூத்த மகளோடு வந்தார். என் அக்கா. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களாம். வெகுநேரம் அக்காதான் பேசினார். இரண்டாவது அக்காவுக்கு நான் பிறந்ததே தெரியாதாம். எங்கள் தந்தை கிணறு வெட்டும்போது வெடியில் போனவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெற்றவர் என் கையைப் பிடிக்கவில்லை. என் துப்பட்டாவின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். புறப்படும்போதுதான் வாய் திறந்தார்.

“கண்ணு, அந்தக் கயிறு இறுகிப் போயிருக்குமே. யார் அவிழ்த்தார்கள்?”

எனக்குத் தெரியவில்லை. வெளியே காத்திருந்த, என்னை வளர்த்த அம்மாவை உள்ளே அழைத்தேன். நான் தேடத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் மறைத்திருந்தால் அந்த நிமிடம் எனக்கு வாய்த்திருக்காது. அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பத்தாம் மாதம் வரைக்கும் இடுப்பில்தான் இருந்தது. இறுக ஆரம்பித்ததும் நானே அவிழ்த்துவிட்டு வெள்ளியில் போட்டேன். பெற்றவள் கட்டியது என்று கத்தரிக்கோல் வைக்கவில்லை.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு துப்பட்டாவை விட்டார்.