இரண்டு நிற டி-ஷர்ட், ஒன்பது டிராக் பாட்டு

போன வருஷம் 3 பாட்டு வெளியிட்டேன், 40 டி-ஷர்ட் அடித்தேன். பாட்டுகளால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. டி-ஷர்ட்டுகளில் 11 இன்னும் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடக்கின்றன, பெருக்கும்போதெல்லாம் இடிக்கின்றன.

தனியாக இசை செய்கிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டை 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்டிருந்தால்தான் அதன் ரெக்கார்டிங்குக்கு ராயல்டியே கணக்காகும். தாண்டினாலும் கைக்கு வருவது சில்லறைதான். பேண்ட்கேம்ப் மாதிரி நேரடியாக விற்கிற இடத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும் பொருட்களுக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி நமக்கு. அப்படியென்றால் பொருளை விற்று அந்தக் காசில் இசை செய்யலாமே என்று தோன்றியது. தோன்றுவதற்கு என்ன, காசா பணமா.

முதலில் ஆர்டர் வந்தபிறகு ஒவ்வொன்றாக அடித்து அனுப்பும் முறையைத்தான் முயன்றேன். ஸ்டாக் வைக்க வேண்டாம், கைக்காசு போட வேண்டாம் என்பதெல்லாம் உண்மை, ஆனால் லாபம் மிகக் குறைவு. அதைவிட, வாங்குகிறவர் கையில் போய்ச் சேரும் பொருளை நான் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்பது உறுத்தியது. எனக்கென்று ஒன்று வரவழைத்து மூன்று தடவை துவைத்தேன், பிரிண்ட் வெடித்துவிட்டது. அதை என் பெயரில் விற்க மனசு வரவில்லை.

சரி, ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது வலை கட்டிய சட்டத்தின் வழியாக மையைத் தேய்த்து அடிப்பது. ஆல்பம் அட்டைக்கு வரைந்த படத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன், 6 நிறம். அச்சடிப்பவர் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும், கறுப்புத் துணி என்பதால் அடியில் முதலில் ஒரு வெள்ளைப் பூச்சு வேண்டும், ஆக 7 ஸ்கிரீன் என்றார். ஆயிரம் அடித்தால் அந்தச் செலவு பரவிவிடும், நாற்பதுக்குத் தாங்காது. போதாததற்கு, கணினித் திரையில் ஜொலித்த நீலம் அவர் காட்டிய மை அட்டையில் எங்குமே இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, மைக்கு அந்த வசதி கிடையாது.

இரண்டு நிறத்துக்குக் குறைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மேகம் போனது, மலை போனது, நான் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நிழல்கூடப் போனது. கடைசியில் ஒரு ஜன்னலும் பாட்டின் ஒரு வரியும் மிஞ்சின. ஆல்பம் அட்டையைவிட அதுதான் நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொள்ள இன்னும் இரண்டு நாள் ஆனது.

அன்று ராத்திரி பாதியில் நின்ற ஒரு பாட்டைத் திறந்தேன். 58 டிராக், அதாவது தனித்தனியாகப் பதிந்து ஒன்றுசேர்த்த 58 ஒலி அடுக்குகள். ஒவ்வொரு டிராக்குக்கும் ஸ்கிரீன் போடக் காசு கொடுக்கணும் என்றால் இதில் எதை வைத்திருப்பேன் என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த நாலு சிந்த் பேட் (பின்னணியில் நீளும் சிந்தசைசர் ஒலி), யாருக்கும் கேட்காத ஷேக்கர், குரலில் நம்பிக்கை இல்லாததால் அதே வரிகளைத் திரும்பப் பாடிப் போட்ட ஆறு டபுள் டேக் என்று ஒவ்வொன்றாக மியூட் செய்துகொண்டே போனேன். 9 மிஞ்சியது. எட்டு மாதமாக முடியாத பாட்டு இரண்டு வாரத்தில் முடிந்தது. இதை டி-ஷர்ட் விற்ற வருமானத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை, ஆனால் அந்த 40 டி-ஷர்ட்டில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

மற்றபடி தவறுகளுக்குக் குறைவில்லை. எல்லா சைஸிலும் சரிசமமாக அடித்தேன், எல்லும் எக்ஸ்எல்லும் முதல் வாரமே தீர்ந்தன, எஸ் அப்படியே நின்றது. அடுத்த தடவை முன்பதிவு வாங்கி, சைஸ் கேட்டு, அப்புறம்தான் அச்சுக்குப் போவேன். பார்சல் கட்டுவது ஒரு வேலை என்றே நான் கணக்கில் எடுக்கவில்லை, தொடர்ந்து மூன்று வாரக் கடைசிகள் கிட்டாரைத் தொடவே இல்லை. இப்போது சனிக்கிழமை காலை மட்டும்தான் பார்சல், அவசரம் என்று யார் கேட்டாலும் அதேதான்.

யோசிக்காமல் சும்மா சேர்த்துவிட்ட ஒன்றுதான் நன்றாகப் போனது. என் நோட்டுப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய வரிகளோடும் கிட்டார் கார்டு (chord) குறிப்புகளோடும் இருந்த பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து விற்றேன். டி-ஷர்ட் யாரிடமும் வாங்கலாம், அடித்தல் திருத்தல் என்னிடம் மட்டும்தானே இருக்கிறது.

கட்டிலுக்கடியில் இருக்கிற அந்த 11-ல் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். ஸ்னேர் டிரம்மின் மேல் துணி போட்டு அடித்தால் ஓசை நீளாமல் தொப்பென்று நின்றுவிடும், டிரம்மர்களுக்குத் தெரிந்த பழைய வித்தைதான். டீ டவல், கைக்குட்டை எல்லாம் போட்டுப் பார்த்துத் திருப்தியில்லாமல் ஒரு டி-ஷர்ட்டை இரண்டாக மடித்துப் போட்டேன், சரியாக உட்கார்ந்தது. அடுத்து வரப்போகும் பாட்டில் ஸ்னேர் கேட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது எஸ் சைஸ்.