ஈரத்தில என்னதான் ஒட்டும்?

கல்லடிப் பாலத்தடியில் மீன் வெட்டித் தந்த மாமாவுக்குப் பெருவிரலில் கத்தி பட்டுவிட்டது.

ஓடிப்போய் பிளாஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். இரத்தம் ஊற ஊற அது வழுகி, தராசுத் தட்டில் செதிலோடு செதிலாகக் கிடந்தது.

“ஈரத்தில என்னதான் ஒட்டும் மனே?” சாரத்து நுனியால் அமத்திப் பிடித்தார். (அமத்துவது சரிதான், சாரம்தான் சுத்தமில்லை.)

நத்தை ஒட்டுமே!

2017இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஓடில்லா நத்தையின் சளியைப் பார்த்து ஓர் ஒட்டுக்கூழ் செய்தார்கள். இரத்தம் பூசிய பன்றி இதயத்திலும் அது விடவில்லை. அடியில் ஈரத் தசையைப் பற்றும் பசைப்படலம், மேலே இழுபட்டு விசையை வாங்கும் கூழ். அந்தப் பசைக்கு உதவியவற்றில் ஒன்று கைட்டோசன். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது.

சொன்னேன்.

மாமா காலடியில் கிடந்த இறால் கோதைப் பார்த்தார்.

“அப்ப இதையும் நிறுத்துத் தரட்டா?”